மெல்போர்னுக்கு மலிவு விமானம்: எந்தப் பயணிக்கு மலிவு?

வெளிநாட்டில் பிள்ளைகள் குடியிருக்கும் வீடுகள் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பெருகிவிட்டன. மகளின் பிரசவத்துக்கோ பேரப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவோ வயதான தாயும் தகப்பனும் ஆஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்வருவது இன்று சாதாரணச் செய்தி. இந்த வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. வழக்கமான பெரிய நிறுவனங்களின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பாதிக்குச் சற்று மேலே நிற்கும் விலையில் மலிவுக் கட்டண நிறுவனங்கள் நெடுந்தொலைவுப் பயணச்சீட்டு விற்கும்போது, அதில் பெற்றோரை அனுப்பலாமா என்பதே அந்தக் கேள்வி. தங்கையின் பேறுகாலத்தை ஒட்டி அம்மாவை மெல்போர்னுக்கு அழைத்துச் சென்ற நான், அப்படிப்பட்ட ஒரு சேவையை முழுமையாகப் பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கொச்சியிலிருந்து புறப்பட்டு, தென்கிழக்காசிய நகரம் ஒன்றில் விமானம் மாறி, மெல்போர்ன் சேர்வது எங்கள் வழி. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த வகையைச் சேர்ந்த எல்லா நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இயங்குகின்றன.

முதலில் விலை. இணையத்தில் தேடும்போது கண்ணில் படும் தொகை ஓர் ஆளுக்கு ஓர் இருக்கையும் ஏழு கிலோ கைப்பையும் மட்டுமே தரும். அதைத் தேர்ந்தெடுத்த பிறகு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்குகின்றன. சரக்கறையில் போடும் பெட்டிக்கு இருபது, இருபத்தைந்து, முப்பது கிலோ எனத் தனித்தனி விலை. இருக்கையை நாமே தேர்ந்தெடுக்க ஒரு விலை, நடைபாதையோரம் வேண்டுமென்றால் அதற்கு மேலும் ஒரு விலை. சாப்பாடு தனி. கம்பளி தனி. பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில் அட்டைக்கான சேவைக் கட்டணம் வேறு. அம்மாவையும் என்னையும் அடுத்தடுத்து உட்கார வைத்து, ஆளுக்கொரு பெட்டியும் இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்து முடித்தபோது, முதலில் பார்த்த தொகையோடு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருந்தது. அப்போதும் பெரிய நிறுவனத்தின் கட்டணத்தைவிடக் குறைவுதான். ஆனால் அந்தக் குறைவு, விளம்பரம் நம் மனத்தில் ஏற்படுத்திய குறைவு அல்ல. ஒப்பிட வேண்டியது இந்தக் கடைசித் தொகையை மட்டுமே. பெட்டியை விமான நிலையத்தில் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால், முன்பதிவு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேலும் கொடுக்க நேரும்.

இதற்குக் கொங்குப் பகுதிப் பயணிக்கு மட்டும் உள்ள ஒரு செலவையும் கூட்ட வேண்டும். கோவை விமான நிலையம் உள்ள பீளமேட்டிலிருந்து நேரடியாகப் போகும் வெளிநாட்டு ஊர்கள் சிங்கப்பூர், சார்ஜா, அபுதாபி என்று கைவிரலில் அடங்கும். அதனால் பலரும் கொச்சிக்கோ பெங்களூருவுக்கோ சென்னைக்கோ திருச்சிக்கோ போய்த்தான் ஏற வேண்டியிருக்கிறது. கோவையிலிருந்து வாளையாறு, பாலக்காடு, குதிரான் சுரங்கம் வழியாகக் கொச்சி விமான நிலையம் உள்ள நெடும்பாசேரிக்குச் செல்ல வாடகைக் காருக்குக் கொடுக்கும் பணத்தையும், சுங்கச் சாவடிக் கட்டணத்தையும், நள்ளிரவு விமானத்துக்காக மாலையிலேயே கிளம்பும் சிரமத்தையும் எந்த விலை ஒப்பீட்டுத் தளமும் காட்டுவதில்லை. திரும்பி வரும்போது விடிகாலையில் இறங்கி, தூக்கமில்லாத முதியவரை மீண்டும் நாலு மணி நேரம் காரில் உட்கார வைக்க வேண்டும். இருவருக்கும் சேர்த்து மிச்சமானதில் கணிசமான பகுதி இந்தச் சாலையிலேயே கரைந்தது.

விமானத்துக்குள் இருந்த நிலைமையைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். விமானம் புதியது, தூய்மையானது, குறித்த நேரத்தில் கிளம்பியது. பணியாளர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். நீண்ட கட்டத்தில் வரிசைக்கு ஒன்பது இருக்கைகள். என் உயரத்துக்கு முழங்கால் முன் இருக்கையை உரசியது. அம்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. இருக்கையின் அகலம்தான் இருவருக்கும் குறை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்வது இளைஞருக்குச் சமாளிக்கக்கூடியது, மூட்டுவலி உள்ளவருக்கு அப்படியல்ல. இந்த நெருக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஏர்பஸ் ஏ330 விமானத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் வரிசைக்கு எட்டு இருக்கைகள் போடும் இடத்தில் மலேசியாவின் மலிவு நிறுவனமான ஏர்ஏசியா எக்ஸ் ஒன்பது போட்டு, மொத்தம் 377 இருக்கைகளை அமைத்தது. அதே விமானத்தில் பெரிய நிறுவனங்கள் ஏறக்குறைய முந்நூறு பேரைத்தான் ஏற்றுகின்றன. ஒரே எரிபொருளை அதிகம் பேர் பகிர்ந்துகொள்வதுதான் நமக்குக் கிடைக்கும் விலைக் குறைப்பின் பெரும்பகுதி. ஆகவே அகலக் குறைவைப் பற்றிப் புகார் சொல்வதில் பொருளில்லை. நாம் வாங்கியதே அதைத்தான்.

தண்ணீர் விஷயத்தை மட்டும் என்னால் அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. இடைநிலையத்தில் விமானம் ஏறும் வாயிலருகே மீண்டும் ஒரு பாதுகாப்புச் சோதனை இருந்தது. அங்கே பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொட்டச் சொன்னார்கள். உள்ளே போனபின் நிரப்பிக்கொள்ளக் குழாய் இல்லை. விமானத்தில் தண்ணீர் விலைக்குத்தான் கிடைக்கும், ரூபாயை வாங்கமாட்டார்கள், வெளிநாட்டு நாணயமோ பன்னாட்டுப் பயன்பாடு திறக்கப்பட்ட அட்டையோ வேண்டும். எங்களுக்கு முன் இருக்கையில் பெருந்துறைப் பக்கத்திலிருந்து தனியாகப் பயணம் செய்த பெரியவர் ஒருவர் இருந்தார். இரவு மாத்திரை போடும் நேரத்தில் திரும்பி, "ஏனுங்க தம்பி, ஒரு டம்ளர் சுடுதண்ணி கேட்டா குடுப்பாங்களாங்க?" என்று என்னிடம் கேட்டார். பணிப்பெண்ணிடம் நான் விசாரித்தபோது பட்டியலைக் காட்டினார். சுடுதண்ணீர் தேநீரோடோ நூடுல்ஸோடோதான் வரும் என்றார். மாத்திரைக்கு என்று விளக்கிய பிறகு ஒரு சிறு காகிதக் கோப்பையில் கொண்டுவந்து கொடுத்தார், பணம் வாங்கவில்லை. அவருடைய நல்ல மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஆங்கிலம் பேசத் தெரியாத, பன்னாட்டு அட்டை இல்லாத முதியவர் ஒருவர் எட்டு மணி நேரம் குடிநீருக்காகப் பிறர் தயவை எதிர்பார்க்க வேண்டிய சேவை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், அந்த முதியவருக்கு ஏற்ற சேவை இல்லை. உணவுக்குப் பணம் வாங்குவது முழு நியாயம். நெடும்பயணத்தில் தண்ணீருக்கு வாங்குவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

சக்கர நாற்காலி உதவியையும் இங்கே குறிப்பிட வேண்டும். நம் பக்கத்துப் பெற்றோர் பலர் நடக்க முடியாமல் அதைக் கேட்பதில்லை. மொழி தெரியாத நிலையத்தில் வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவே கேட்கிறார்கள். மலிவு நிறுவனங்களில் இதை முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். செலவைக் குறைப்பதற்காக விமானத்தைத் தொலைவில் நிறுத்தி, பேருந்தில் கொண்டுபோய்ப் படிக்கட்டில் ஏற்றும் வழக்கமும் உண்டு. எங்களுக்குப் போகும்போது படிக்கட்டுதான் கிடைத்தது. அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார், பின்னால் வரிசை பொறுமையாகவே நின்றது.

எடை பற்றி ஒரு சொல். பேறுகால வீட்டுக்குப் போகும் கொங்குத் தாயின் பெட்டியில் மசாலாப் பொடியான செலவுத் தூளும் பருப்புப் பொடியும் ஈரோட்டு மஞ்சள் தூளும் நாட்டுச் சர்க்கரையும் செக்கில் ஆட்டிய எண்ணெயும் இல்லாமல் இருக்காது. அம்மாவின் கைப்பை கொச்சியில் தராசில் எட்டு கிலோவுக்கு மேல் காட்டியது. பொடி டப்பாக்கள் இரண்டை எடுத்து என் பைக்கு மாற்றினோம், பிறகும் அரை கிலோ மிச்சம் நின்றது. சட்டைப்பையில் கைபேசி மின்னேற்றியையும் சில்லறைப் பொருட்களையும் போட்டுக்கொண்டு ஒருவாறு சரிசெய்தோம். பெரிய நிறுவனங்களில் இத்தனை கறார் இல்லை. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது எந்த உணவுப் பொருளானாலும் படிவத்தில் அறிவித்தாக வேண்டும் என்பதையும் இதோடு நினைவில் வைக்க வேண்டும். அறிவித்தால் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள். அறிவிக்காமல் மாட்டினால் அபராதம் பெரிது.

இதையெல்லாம் அனுபவித்த பிறகு எனக்கு எழுந்த கேள்வி, இந்த விலை நிலைக்குமா என்பது. உள்ளூர்ப் பயணத்தில் கட்டணத்தைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்த அதே முறை நெடுந்தொலைவில் ஏன் அத்தனை வெற்றி பெறவில்லை என்பதை விளங்கிக்கொண்டால், எந்த நிறுவனத்தை நம்பி ஆறு மாதம் முன்னதாகப் பணம் கட்டலாம் என்பதும் விளங்கும்.

குறுந்தொலைவு விமானம் நம் ஊர்ப் பேருந்து மாதிரி. ஒரு நாளைக்கு எத்தனை நடை ஓடுகிறதோ அத்தனை வருமானம். இறங்கிய அரை மணி நேரத்தில் மறுபடி கிளப்பிவிட்டால் ஒரே விமானம் ஆறேழு நடை அடிக்கும், பணியாளர்கள் இரவு தங்கள் வீட்டுக்கே போய்விடுவார்கள். நெடுந்தொலைவில் இந்தச் சாமர்த்தியத்துக்கு இடமில்லை. பெரிய நிறுவனத்தின் விமானமும் நாளொன்றுக்குப் பதினான்கு, பதினைந்து மணி நேரம் வானில்தான் இருக்கிறது. அதற்கு மேல் கசக்கிப் பிழிய நேரம் எங்கே இருக்கிறது? எரிபொருள் செலவின் பங்கு தொலைவோடு கூடுகிறது, அதன் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். பணியாளர்களை வெளிநாட்டு விடுதியில் தங்க வைத்து ஓய்வு கொடுத்தே திருப்ப முடியும். பெரிய நிறுவனம் முன்வரிசைப் படுக்கை இருக்கைகளில் சம்பாதிப்பதையும், விமானத்தின் அடிப்பகுதியில் ஏற்றும் சரக்கில் சம்பாதிப்பதையும் கொண்டு பின்னிருக்கைக் கட்டணத்தைத் தேவைப்படும்போது இறக்கிவிட முடியும். மலிவு நிறுவனத்துக்கு அந்த மெத்தை மிகவும் மெல்லியது.

இந்த வரலாறு நீண்டது. 1977 செப்டம்பரில் ஃப்ரெடி லேக்கர் என்பவர் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பிரிட்டிஷ் பவுண்டில் 'ஸ்கைட்ரெயின்' சேவையைத் தொடங்கினார். முன்பதிவு கிடையாது, சாப்பாட்டுக்குத் தனிக் காசு, அன்றன்றைக்கு வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டும். மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பெரிய நிறுவனங்கள் கட்டணத்தை இறக்கின, டாலரில் வாங்கிய கடன் பவுண்டின் மதிப்பு சரிந்ததும் பூதமாக வளர்ந்தது, 1982 பிப்ரவரியில் நிறுவனம் திவாலானது. ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்கு 2006இல் பறக்கத் தொடங்கிய ஒயாசிஸ் 2008 ஏப்ரலில் மூடப்பட்டது. ஏர்ஏசியா எக்ஸ் 2009இல் கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குப் பறந்தது, 2012இல் அந்த வழியைக் கைவிட்டது. 2013இல் நெடுந்தொலைவில் இறங்கிய நார்வே நாட்டின் நார்வேஜியன், புதிய போயிங் 787 விமானங்களோடு அட்லாண்டிக்கைக் கலக்கியது. கடன் சுமையும், அந்த விமானங்களின் ரோல்ஸ்ராய்ஸ் எஞ்சின்களில் வந்த கோளாறும், பெருந்தொற்றும் சேர்ந்து 2021 ஜனவரியில் நெடுந்தொலைவுச் சேவையையே அது நிறுத்தும்படி ஆயிற்று. ஐஸ்லாந்தின் வாவ் ஏர் 2019 மார்ச்சில் ஒரே நாளில் நின்றபோது பயணிகள் பலர் இரு கண்டங்களிலும் தவித்தார்கள். அதே நாட்டில் அதன் பின் வந்த ப்ளே நிறுவனமும் 2025 செப்டம்பரில் மூடியது.

நின்று நிலைத்தவர்களைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. 2012இல் சிட்னிக்கு முதல் விமானத்தை விட்ட ஸ்கூட்டுக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கிறது, ஆஸ்திரேலியாவின் ஜெட்ஸ்டாருக்குக் குவாண்டாஸ் இருக்கிறது, ஜப்பானின் ஸிப்ஏருக்கு ஜப்பான் ஏர்லைன்ஸ் இருக்கிறது. விமானம் வாங்குவதிலும் பராமரிப்பிலும் பயணிகளைத் திரட்டித் தருவதிலும் தாய் நிறுவனத்தின் தோள் கிடைக்கிறது. இவர்கள் எல்லோருமே முன்வரிசையில் அகலமான இருக்கைகளையோ படுக்கை இருக்கைகளையோ விற்கவும் செய்கிறார்கள். பின்னால் தாய் நிறுவனம் இல்லாத ஒரு புதிய பெயர் வியக்கத்தக்க விலையில் சீட்டு விற்றால், பயணத்துக்கு நெருக்கமான தேதியில், கடன் அட்டை மூலம் வாங்குவதே நல்லது. நிறுவனம் மூடினாலும் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க அப்போது ஒரு வழி இருக்கும்.

நம் நாட்டிலிருந்து இந்தக் களத்தில் இறங்கியிருப்பது இண்டிகோ. 2025 ஜூலையில் மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் நார்வே நிறுவனமான நார்ஸ் அட்லாண்டிக்கிடம் குத்தகைக்கு எடுத்த 787 விமானங்களைக் கொண்டு பறக்கத் தொடங்கியது. ஏ350 விமானங்களுக்கும் நீண்டு பறக்கக்கூடிய ஏ321எக்ஸ்எல்ஆர் விமானங்களுக்கும் பெரிய எண்ணிக்கையில் ஆர்டர் கொடுத்திருக்கிறது. நான் இதைக் கவனித்து வருவதற்குக் காரணம் உண்டு. அந்த 787இல் முன்பகுதியில் 56 அகல இருக்கைகள் இருக்கின்றன, சாதாரண இருக்கைக்கும் சூடான உணவு கட்டணத்திலேயே அடக்கம். அதாவது உள்ளூரில் சாதாரண இருக்கைக்குத் தண்ணீரைத் தவிர உணவு எதையும் இலவசமாகக் கொடுக்காத நிறுவனமே நெடுந்தொலைவில் தன் முறையை மாற்றிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன வரலாற்றிலிருந்து அது பாடம் படித்திருக்கிறது என்றே கொள்கிறேன். ஆனால் கட்டணம் அதற்கேற்ப உயர்ந்துதான் இருக்கும். பெரிய நிறுவனத்தில் பாதி விலை என்ற எதிர்பார்ப்போடு யாரும் போக வேண்டாம். பாகிஸ்தான் வான்வெளி 2025 ஏப்ரலில் இந்திய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதால் ஐரோப்பியப் பயணத்தில் சுற்றும் எரிபொருளும் கூடியது, அதுவும் கட்டணத்தில் தெரியும்.

நமக்கு இதில் உள்ள நன்மை வேறிடத்தில் இருக்கிறது. கோவையிலிருந்து மும்பைக்கும் அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் ஒரே நிறுவனத்தில், ஒரே பயணச்சீட்டில் போக முடிந்தால் பெட்டியைப் பீளமேட்டிலேயே ஒப்படைத்துவிடலாம். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்தினுடையது. இந்த ஒன்றின் மதிப்பைப் பலரும் உணர்வதில்லை. தனித்தனியாக இரண்டு மலிவுச் சீட்டுகள் வாங்கி, நடுவே நாமே மாறிக்கொள்வது என்று முடிவு செய்தால் காகிதத்தில் இன்னும் மலிவாகத் தெரியும்; ஆனால் முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் இரண்டாவது சீட்டு வெறும் தாள். இடைநிலையத்தில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கக் குடிநுழைவைக் கடந்து வெளியே வர வேண்டும், அதற்கு அந்த நாட்டின் நுழைவு அனுமதி வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூருக்குள் நுழையப் பொதுவாக விசா தேவை என்பது தெரியாமல் இப்படிச் சீட்டு வாங்கினால், புறப்படும் நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும். வயதானவர்களைத் தனியே அனுப்பும்போது இந்த முறையை எந்த விலைக்கும் நாடக்கூடாது. மும்பை வழியாகப் போனாலும் இரு விமானங்களும் ஒரே முனையத்தில்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே முதல் முனையத்துக்கும் இரண்டாம் முனையத்துக்கும் இடையே சாலைப் பயணம் இருக்கிறது.

ஐரோப்பாவிலிருந்து திரும்பும் சீட்டில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்து நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனமும், சீட்டு எவ்வளவு மலிவானதாக இருந்தாலும், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் தன் தவறால் நெடுநேரத் தாமதம் ஏற்பட்டால் 600 யூரோ வரை இழப்பீடு தர வேண்டும். தாமதத்துக்குள்ளான பயணிகள் சீட்டையும் ஏறும் அட்டையையும் பத்திரமாக வைத்திருந்து உரிமையோடு கேட்க வேண்டும்.

கோவை விமான நிலையத்தின் நிலையைப் பேசாமல் இந்த மதிப்புரை முழுமை பெறாது. விரிவாக்கத்துக்கு 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் எடுக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்த பிறகே நிலம் கைமாறியது. ஓடுபாதை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளம். இரண்டு நடைபாதை கொண்ட பெரிய விமானங்கள் முழுச் சுமையோடு நெடுந்தொலைவுக்கு எழும்ப அதைவிட நீளம் வேண்டும். ஆனால் ஏ321எக்ஸ்எல்ஆர் போன்ற ஒற்றை நடைபாதை விமானம் 8,700 கிலோமீட்டர் வரை பறக்கும் திறன் கொண்டது. கோவையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 7,500 கிலோமீட்டர்தான். முந்நூறு பேரை நாள்தோறும் திரட்ட முடியாத நம் ஊருக்கு இருநூறுக்குக் குறைவானவர்களோடு பறக்கும் அந்த அளவு பொருத்தமானது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்கு ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் வருவதும் நம்மவர்கள் போவதும் ஆண்டு முழுவதும் நடக்கிறது, மாணவர்களும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவசரச் சரக்கு இன்று பெரும்பாலும் லாரியில் கொச்சிக்கும் பெங்களூருவுக்கும் சென்னைக்கும் போய்த்தான் விமானம் ஏறுகிறது. தொழிலமைப்புகள் வளைகுடா ஊர்களுக்கு இன்னும் ஒரு விமானம் கேட்பதோடு நின்றுவிடாமல், இந்த வகை விமானத்துக்கான நேரடி ஐரோப்பியச் சேவையையும் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

அதுவரை என் பரிந்துரை ஆளுக்கு ஆள் மாறும். தனியாக, ஒரு கைப்பையோடு, இரண்டு நாள் முன்பின் ஆனாலும் பாதகமில்லை என்று போகும் மாணவருக்கும் இளம் பணியாளருக்கும் நான் பயன்படுத்திய சேவையைத் தயங்காமல் சொல்வேன். பன்னாட்டு அட்டையும் ஒரு சால்வையும் இருந்தால் போதும். துணையோடு போகும் முதியவர், ஒரே சீட்டில் முழுப் பயணமும் அடங்கி, பெட்டி, சாப்பாடு, நடைபாதையோர இருக்கை, சக்கர நாற்காலி ஆகிய எல்லாவற்றையும் முன்பதிவு செய்த பிறகும் பெரிய நிறுவனத்தைவிடக் கால் பங்காவது குறைவாக வந்தால் இதில் போகலாம். துணையில்லாமல் போகும் முதியவருக்கு வேண்டாம். அம்மா அடுத்த முறை தனியாகப் போவார் என்பதால், கோவையிலேயே பெட்டியை வாங்கிக்கொண்டு மெல்போர்னில் கொடுக்கும் நிறுவனத்தில், கூடுதல் விலை கொடுத்து, இப்போதே சீட்டு எடுத்திருக்கிறேன்.